ஆசிய நாடுகளில் தொழிற்சாலைக் கழிவுநீரும் கண்காணிப்பு உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆற்றுநீரைப் பகிர்ந்து உழவு செய்த சமூகங்களில் தலைமடை, கடைமடை என்னும் வேறுபாடு தொன்மையானது. தலைமடையில் உள்ளவர் மிகுதியாக நீர் எடுத்தால் கடைமடையில் உள்ளவரின் வயல் காயும். அக்குறை கண்ணுக்குப் புலப்படுவது. மதகையும் வாய்க்காலையும் பார்த்தே வழக்குத் தீர்க்கத்தக்கது. தொழிற்சாலைகள் ஆற்றங்கரைக்கு வந்தபின் இச்சிக்கல் தன்மையளவில் மாறியது. நீர் குறையாமலே கெடலாயிற்று. அதில் கலந்திருப்பது செம்பா, பாதரசமா, காட்மியமா, குரோமியமா என்பதைக் கடைமடையில் இருப்பவர் தம் கண்ணால் அறிய இயலாது. அறியக்கூடியவர் ஆலைக்குள் இருந்தார். அறிந்துகொள்ளும் அதிகாரம் அரசிடம் இருந்தது.

ஆசிய நாடுகளின் நீர் மாசுபாட்டு வரலாறு பெரும்பாலும் சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியாகவோ சட்டங்களின் வரிசையாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. கழிவுநீரில் என்ன உள்ளது என்பதைக் கண்டறியும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாவை முன்வைத்து அவ்வரலாற்றை மீள நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜப்பானிய, இந்திய நிகழ்வுகள் விரிவாகவும், தென்கொரிய, சீன, வங்கதேச நிகழ்வுகள் சுருக்கமாகவும் ஆராயப்படுகின்றன.

அஷியோ சுரங்கமும் வதராசே ஆறும்

ஜப்பானின் தோச்சிகி மாவட்டத்திலுள்ள அஷியோ செம்புச் சுரங்கத்தை 1877இல் ஃபுருகாவா இச்சிபே என்னும் வணிகர் வாங்கினார். 1880களில் வளமான தாதுப் படிவுகள் கண்டறியப்பட்டதும் அது நாட்டின் முதன்மையான செம்புச் சுரங்கமாயிற்று. உருக்காலைப் புகையால் மலைக்காடுகள் பட்டுப்போயின. காடு அழிந்தமையால் வெள்ளம் பெருகியது. வெள்ளம் செம்பு கலந்த மண்ணை வதராசே ஆற்றின் வழியே கீழ்நிலத்து நெல்வயல்களில் படியவிட்டது. முதலில் மீன்கள் மடிந்தன. 1890ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப்பின் பயிர்களும் அழிந்தன.

அவ்வாண்டு நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வெற்றிபெற்ற தனகா ஷோசோ, 1891இல் இச்சிக்கலை அவையில் எழுப்பினார். காரணம் இன்னும் உறுதிப்படவில்லை என்றும், ஆயினும் தாதுத்துகள் வெளியேறாமல் தடுக்கும் இயந்திரங்களைச் சுரங்கத்தார் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கின்றனர் என்றும் அரசு விடையளித்தது. ஆசியாவின் பிற நாடுகளில் பின்னர்ப் பலமுறை கேட்கப்பட்ட விடைக்கு இது முன்னோடி எனலாம். காரணத்தை ஏற்காமலே தீர்வை அறிவிப்பது இதன் இயல்பு. 1892 முதல் சுரங்கத்தார் உழவர்களுக்குச் சிறுதொகை வழங்கி உடன்பாடுகள் செய்துகொண்டனர். இயந்திரங்களின் பயன் தெரியும்வரை, அதாவது 1896 வரை, உழவர்கள் முறையிடக் கூடாது என்பது நிபந்தனை. 1896இல் மீண்டும் பெருவெள்ளம் வந்து நச்சுமண்ணை முன்னினும் பரவலாகப் படியச் செய்தது.

1897இல் அரசு 37 கூறுகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. படிவுக் குளங்களும் வடிகட்டும் படுகைகளும் கெடுவுக்குள் கட்டப்பட்டன. மாசு மட்டும் நிற்கவில்லை. 1900 பிப்ரவரியில் தோக்கியோ நோக்கிச் சென்ற உழவர்களைக் கவமதா என்னுமிடத்தில் காவலர் தாக்கிக் கலைத்தனர். தனகா 1901இல் தம் பதவியைத் துறந்து, டிசம்பர் 10ஆம் நாள் பேரரசரின் வண்டியை அணுகி நேரடியாக முறையிட முயன்றார். அதன்பின் அரசு இச்சிக்கலை மாசுச் சிக்கலாகக் கொள்ளாமல் வெள்ளச் சிக்கலாகக் கொண்டு, யனகா என்னும் சிற்றூரை வெள்ளநீர்த் தேக்கமாக மாற்ற முடிவு செய்தது. வெளியேற மறுத்தோரின் வீடுகள் 1907இல் இடிக்கப்பட்டன. தனகா 1913இல் மறைந்தார். 1958இல் சுரங்கக் கழிவுமேடு ஒன்று சரிந்து வயல்கள் மீண்டும் கெட்டன. சுரங்கம் 1973இல் மூடப்பட்டது; உழவர்களுக்கு இழப்பீடு வழங்க நிறுவனம் முறையாக ஒப்புக்கொண்டது 1974இல்தான். முதல் முறையீட்டிற்கும் இந்த ஒப்புதலுக்கும் இடையே ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழிந்தன.

மினமாட்டா: சுத்திகரிப்பு என்னும் தோற்றம்

கியூஷூ தீவிலுள்ள மினமாட்டா நகரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் பாதரசத்தை வினையூக்கியாகக் கொண்டு அசிட்டால்டிஹைடு தயாரித்து வந்தது. அக்கழிவு கலந்த கடலில் பிடித்த மீன்களை உண்ட குடும்பங்களில் நரம்புநோய் தோன்றியது. 1956 மே 1ஆம் நாள் இந்நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவுற்றது. குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959 ஜூலையில் கரிமப் பாதரசமே காரணம் என அறிவித்தனர்.

இக்காலத்தில் நிகழ்ந்த நான்கு செய்திகளை இணைத்து நோக்குதல் வேண்டும். முதலாவது, 1958 செப்டம்பரில் ஆலையின் கழிவுநீர்க் கால்வாய் துறைமுகத்திலிருந்து மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்திற்குத் திருப்பப்பட்டது. அதன்பின் அப்பகுதியிலும் நோயாளிகள் தோன்றினர். இரண்டாவது, ஆலை மருத்துவமனையின் மருத்துவர் ஹொசோகாவா ஹஜிமே, ஆலைக் கழிவு கலந்த உணவைப் பூனைக்கு அளித்துச் சோதித்தார். 400ஆம் எண்ணிட்ட அப்பூனைக்கு 1959 அக்டோபரில் நோய் கண்டது. நிறுவனம் அம்முடிவை வெளியிடவில்லை. மூன்றாவது, அவ்வாண்டு டிசம்பரில் ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருவி ஒன்று விழா எடுத்துத் தொடங்கப்பட்டது. அக்கருவி கரைந்த கரிமப் பாதரசத்தை நீக்குவதற்கென வடிவமைக்கப்பட்டதன்று என்பது பின்னரே வெளிப்பட்டது. நான்காவது, அம்மாத இறுதியில் நோயாளிகளுடன் செய்துகொண்ட 'ஆறுதல் தொகை' உடன்பாட்டில், ஆலைக்கழிவே காரணம் எனப் பின்னர் நிறுவப்பட்டாலும் மேலும் இழப்பீடு கோருவதில்லை என்னும் விதி சேர்க்கப்பட்டது.

உண்மை அறிந்தவர் ஆலைக்குள் இருந்தார், அறியாதவர் கையொப்பமிட்டார். சுத்திகரிப்புக் கருவி கண்முன் நின்றமையால் சிக்கல் தீர்ந்ததாக நாடு நம்பியது. அசிட்டால்டிஹைடு தயாரிப்பு 1968 மே மாதத்தில் நிறுத்தப்படும்வரை பாதரசம் கடலில் கலந்தது. அதற்குள் 1965இல் நீகாத்தா மாவட்டத்தின் அகானோ ஆற்றங்கரையில், வேறொரு நிறுவனத்தின் ஆலையால் அதே நோய் மீண்டும் தோன்றியது. அரசு 1968 செப்டம்பர் 26ஆம் நாள் ஆலையைக் காரணமாக ஏற்றது. குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் 1973 மார்ச் 20ஆம் நாள் நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்ததுடன், 1959ஆம் ஆண்டு உடன்பாடு நன்னெறிக்கு மாறானது எனச் செல்லாததாக்கியது.

சட்டம் இல்லாமையால் இது நேர்ந்ததன்று என்பதும் கருதத்தக்கது. 1958இல் தோக்கியோவை அடுத்த எதோ ஆற்றில் காகித ஆலைக் கழிவால் பாதிக்கப்பட்ட உராயசு மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து போராடியதன் விளைவாக, அவ்வாண்டு டிசம்பரில் நீர்த்தரம் குறித்த இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. அரசு குறிப்பிட்டு அறிவிக்கும் நீர்ப்பகுதிகளுக்கு மட்டுமே அவை பொருந்தும். மினமாட்டா கடற்பகுதி அவ்வாறு அறிவிக்கப்பட்டது 1969இல், அதாவது பாதரசக் கழிவு நின்றபின். கையிலிருந்த சட்டத்தைப் பயன்படுத்தாமை அரசின் குற்றம் என ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

ஜின்சு ஆறு: வாயிலைத் திறந்த உடன்பாடு

தொயாமா மாவட்டத்தின் ஜின்சு ஆற்றுப் பாசனப்பகுதியில், பெரும்பாலும் வயது முதிர்ந்த உழவர்குலப் பெண்களின் எலும்புகள் நொறுங்கும் நோய் நெடுங்காலம் இருந்து வந்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று நோயாளிகள் அரற்றியதே 'இதாய் இதாய்' என நோயின் பெயராயிற்று. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள காமியோக்கா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியமே காரணம் என்னும் கருத்தை உள்ளூர் மருத்துவர் ஹகினோ நொபொரு 1961இல் முன்வைத்தார். 1968 மே மாதத்தில் அரசு இதனை மாசினால் விளைந்த நோய் என ஏற்றது. அவ்வாண்டு தொடங்கிய வழக்கில் 1971 ஜூன் 30ஆம் நாளும், மேல்முறையீட்டில் 1972 ஆகஸ்டு 9ஆம் நாளும் நோயாளிகள் வென்றனர். சுரங்கச் சட்டத்தின்படி நிறுவனத்தின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதும், நோய்ப் பரவலியல் சான்றுகளைக் காரணத்தொடர்புக்குப் போதுமானவையாக நீதிமன்றம் ஏற்றதும் இவ்வெற்றிக்குத் துணைநின்றன.

இவ்வழக்கின் சிறப்பு தீர்ப்புக்கு மறுநாள் நிகழ்ந்தது. ஊர்மக்கள் தோக்கியோவிலுள்ள நிறுவனத் தலைமையகத்தில் நேரில் பேசி, இழப்பீடு குறித்தும் நிலச்சீரமைப்புக் குறித்தும் இரு உறுதிமொழிகளையும், மாசுத் தடுப்பு உடன்பாடு ஒன்றையும் பெற்றனர். தேவை எனக் கருதும்போது ஊர்மக்களும் அவர்கள் தேர்ந்த வல்லுநர்களும் சுரங்கத்துள் நுழைந்து ஆராயலாம். கேட்கும் ஆவணங்களை நிறுவனம் அளிக்க வேண்டும். ஆய்வுச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பன அவ்வுடன்பாட்டின் சாரமாகும்.

1972 முதல் ஆண்டுதோறும் இவ்வாய்வு நடைபெற்று வந்துள்ளது. உழவர்களும் பல்கலைக்கழக அறிவியலாரும் இணைந்து சுரங்கத்தின் ஒவ்வொரு வடிகாலையும் பழைய கழிவுமேட்டையும் பார்வையிட்டு, எங்கிருந்து எவ்வளவு காட்மியம் கசிகிறது என்பதைக் கணக்கிட்டுத் திருத்தங்களை வலியுறுத்தினர். எவரும் எதிர்பாராத கசிவுகள் இவ்வாறு கண்டறியப்பட்டன. காலப்போக்கில் ஜின்சு ஆற்றின் காட்மிய அளவு இயற்கை நிலையை ஒட்டிக் குறைந்தது. மாசுற்ற வயல்களின் மண்ணை மாற்றும் பணி 2012இல் நிறைவுற்றது. 2013 டிசம்பரில் இருதரப்பும் முழுத்தீர்வு உடன்பாட்டை எட்டின. மாசினை உண்டாக்கிய ஆலையைப் பாதிக்கப்பட்டவர்களே நாற்பதாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து கண்காணித்தது ஆசிய வரலாற்றில் அரிதாகும்.

இந்தியச் சட்டமும் மாதிரி எடுக்கும் அதிகாரமும்

ஜப்பான் 1970இல் 'மாசு நாடாளுமன்றம்' எனப் பெயர்பெற்ற கூட்டத்தொடரில் 14 சட்டங்களை நிறைவேற்றியது. இந்தியாவில் நீர் (மாசுத் தடுப்பும் கட்டுப்பாடும்) சட்டம் 1974இல் வந்தது. மத்திய, மாநில வாரியங்கள் அமைக்கப்பட்டன. வாரியத்தின் இசைவாணை இன்றிக் கழிவுநீரை வெளியேற்றலாகாது என்பது அடிப்படை விதி.

கண்காணிப்பு உரிமை என்னும் நோக்கில் இச்சட்டத்தின் இரு பிரிவுகள் இன்றியமையாதவை. கழிவுநீர் மாதிரியை எடுக்கும் அதிகாரத்தை 21ஆம் பிரிவு வாரியத்திற்கும் அதன் அலுவலர்க்கும் வழங்கியது. ஆலையாருக்கு முன்னறிவிப்புத் தந்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிடல் முதலிய நடைமுறைகளைப் பின்பற்றாத பகுப்பாய்வு சான்றாக ஏற்கப்படாது. ஆதலின், ஆலையின் வடிகாலில் உழவர் ஒருவர் புட்டியில் பிடித்த நீர் எவ்வளவு கறுத்திருந்தாலும் இச்சட்டத்தின்படி அது சான்றாகாது. 49ஆம் பிரிவு, வாரியம் முறையிட்டால் அல்லது எழுத்து வடிவில் இசைவளித்தால் மட்டுமே நீதிமன்றம் குற்றத்தை விசாரிக்கலாம் என வரையறுத்திருந்தது. இந்த அடைப்பு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஓரளவு நீங்கியது. 60 நாள் முன்னறிவிப்புத் தந்து எவரும் முறையிடலாம் எனவும், வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைக் கேட்போர்க்கு அளிக்க வேண்டும் எனவும் திருத்தம் கூறியது. பொதுநலனுக்கு எதிரானவை எனக் கருதும் அறிக்கைகளை வாரியம் மறுக்கலாம் என்னும் விலக்கும் உடன்வந்தது. மாதிரி எடுக்கும் அதிகாரம் வாரியத்திடமே நின்றது.

கான்பூர், பாலாறு, நொய்யல்

இந்திய மக்கள் இவ்வடைப்பை அரசியலமைப்பு வழியில் கடந்தனர். எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1987 செப்டம்பர் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம், முதனிலைச் சுத்திகரிப்பு வசதி இல்லாத கான்பூர் ஜாஜ்மாவுத் தோல் ஆலைகளை மூட ஆணையிட்டது. குறைந்தபட்சக் கூலி தர இயலாத தொழில் நடத்தப்படலாகாது என்பதைப் போலவே, கழிவைச் சுத்திகரிக்க இயலாத தோல் ஆலையும் இயங்கலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. கங்கைச் செயல்திட்டத்தின்கீழ் நெதர்லாந்து நாட்டு உதவியுடன் ஜாஜ்மாவில் நாளொன்றுக்கு 36 மில்லியன் லிட்டர் கொள்ளளவுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 1994இல் இயங்கத் தொடங்கியது. தோல் ஆலைகளின் 9 மில்லியன் லிட்டர் கழிவுடன் நகரின் 27 மில்லியன் லிட்டர் சாக்கடைநீர் கலந்து சுத்திகரிக்கப்படும் என்பது திட்டம். அம்முறை கரிமப் பொருள்களைச் சிதைக்கவல்லது. குரோமியமோ சிதைவதன்று, அதை ஆலைகள் தத்தம் எல்லைக்குள்ளேயே மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு மீட்கப்படாத குரோமியம் சுத்திகரித்த நீரின் வழியே பாசனக் கால்வாய்க்கும் வயலுக்கும் சென்றது. மினமாட்டாவின் கருவியும் ஜாஜ்மாவு நிலையமும் நோக்கத்தால் வேறானவை. முன்னதில் மறைப்பு இருந்தது, பின்னதில் இல்லை. ஆயினும் நிலையம் கட்டப்பட்டதையே நீர் தூய்மையுற்றதாகக் கொள்ளும் மயக்கம் இரண்டிற்கும் பொதுவாகும்.

தமிழகத்துப் பாலாற்றுப் படுகை குறித்த வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக அறிவித்தது. இத்தீர்ப்பு எச்சான்றுகளின்மீது எழுந்தது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயனற்றுப்போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியது. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் தன்னார்வ அமைப்பொன்று நடத்திய கணக்கெடுப்பு, 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாகக் காட்டியது. ஊர் ஊராகச் சென்று கிணறுகளை எண்ணியவர்களின் அறிவு உச்ச நீதிமன்றத்தின் ஏட்டில் இடம்பெற்றது. எனினும் தீர்ப்பின் பயன் வயலை எட்டவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் ஆலை மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு அரசு முதலில் இழப்பீடு வழங்கிப் பின்னர் ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் எனவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் எனவும் ஆணையிட நேர்ந்தது.

நொய்யல் ஆற்றின் வரலாறு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டிற்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் தொடுத்த வழக்கில், கழிவுநீரை அறவே வெளியேற்றா முறையை மேற்கொள்ளுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28ஆம் நாள் சாயப்பட்டறைகளை மூட ஆணை பிறந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். கடைமடை உழவரின் இழப்பைத் தொடக்கத்திலேயே தடுக்காதபோது, இறுதியில் அது தலைமடைத் தொழிலாளரின் இழப்பாகவும் மாறுகிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

அலுவல் ஆவணங்கள் பதிவுசெய்யாதவற்றை இலக்கியம் பதிவுசெய்தமையும் இங்குச் சுட்டத்தக்கது. மினமாட்டா நோயாளிகளின் பேச்சையும் வாழ்வையும் இஷிமுரே மிச்சிகோ 1969இல் வெளியிட்ட நூல் ஜப்பானியப் பொதுமனத்தை மாற்றியது. தமிழில் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவல் திருப்பூரின் சாயநீர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. இவ்விரண்டையும் மாசு வரலாற்றின் துணைச்சான்றுகளாகக் கொண்டு ஒப்பாய்வு செய்ய இடமுண்டு.

பிற ஆசிய நாடுகள்

தென்கொரியாவில் 1991 மார்ச் 14ஆம் நாள் குமி நகர் மின்னணுப் பொருள் ஆலையிலிருந்து 30 டன் ஃபீனால் நக்தோங் ஆற்றில் கலந்தது. குளோரினுடன் சேர்ந்து தேகு நகரக் குடிநீரில் எழுந்த நாற்றமே மக்களுக்கு முதல் அறிவிப்பாயிற்று. மக்கள் அக்குழுமத்தின் பொருள்களைப் புறக்கணித்தனர். ஏப்ரலில் மீண்டும் கசிவு ஏற்பட, சுற்றுச்சூழல் அமைச்சர் பதவியிழந்தார்.

சீனாவில் 2005 நவம்பர் 13ஆம் நாள் ஜீலின் நகர வேதிப்பொருள் ஆலை வெடித்ததில் ஏறத்தாழ 100 டன் பென்சீன் வகைப் பொருள்கள் சோங்குவா ஆற்றில் கலந்தன. ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஹார்பின் நகரில் குடிநீர் நிறுத்தப்பட்டபோது, குழாய்ப் பராமரிப்புக்காக எனவே முதல் அறிவிப்புக் கூறியது. உண்மை வெளிவந்தபின் சுற்றுச்சூழல் துறைத் தலைவர் பதவி விலகினார். 2008 மே முதல் சுற்றுச்சூழல் தகவல்களை வெளியிடும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. மா ஜுன் 2006இல் நிறுவிய அமைப்பு, அரசே வெளியிட்ட தண்டனைப் பதிவுகளைத் திரட்டி மாசு நிலப்படமாக மக்கள் முன் வைத்தது.

வங்கதேசத்தில் டாக்கா நகரின் ஹசாரிபாக் தோல் ஆலைகள் பூரிகங்கா ஆற்றைக் கெடுத்து வந்தன. நீதிமன்ற ஆணைகள் பல ஆண்டுகள் நிறைவேறாதிருந்து, 2017 ஏப்ரலில் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டபின் ஆலைகள் சாவாருக்கு இடம்பெயர்ந்தன. அங்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 25,000 கனமீட்டர். தோல் வரத்து மிகும் பருவத்தில் அது போதவில்லை. பூரிகங்காவின் சுமையைத் தலேசுவரி ஆறு ஏற்கலாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில கருத்துகள் பெறப்படுகின்றன. மாசு நீண்டதற்குத் தொழில்நுட்பக் குறையைவிட, நீரின் தன்மையை அறிந்தவர் அதனை வெளியிடாமையே பெரும் காரணமாக இருந்தது. சட்டம் இருப்பினும் அதனை இயக்கும் அதிகாரம் ஓரிடத்தில் மட்டும் குவிந்திருக்கையில், அது தக்க காலத்தில் பயன்படவில்லை. சுத்திகரிப்பு நிலையம் பல இடங்களில் தீர்வுக்கு மாற்றாக நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் மிகுமாசுத் தொழில்கள் 17 வகையினவும் தானியங்கிக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்துமாறு மத்திய வாரியம் 2014இல் பணித்தது. அக்கருவியை வாங்கிப் பராமரிக்கும் பொறுப்பு ஆலையிடமே உள்ளது. 2024ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நீர்ச் சட்டத்தின் சிறைத்தண்டனைகள் பலவற்றைப் பணத்தண்டமாக மாற்றியது. தண்டனை கடுமையா, எளிமையா என்னும் விவாதம் தொடரத்தக்கதே. அதனினும் அடிப்படையானது, கடைமடையில் வாழ்பவர் ஆலையின் வடிகால் வாய்க்குச் சென்று தாமே நீரை அளந்தறியும் உரிமையாகும். ஜின்சு ஆற்று மக்கள் அவ்வுரிமையை எழுத்தில் பெற்று, தலைமுறை கடந்தும் கைவிடாது பயன்படுத்தினர், ஆறு தேறியது. பாலாற்றிலும் நொய்யலிலும் கங்கையிலும் தீர்ப்புகள் கிடைத்தன. அவ்வுரிமை இன்னும் கிடைக்கவில்லை. இந்திய நீர்ச் சட்டத்தில் பாதிக்கப்பட்டோரின் ஆய்வுரிமைக்கு இடம் தருவது, இவ்வரலாறு முன்வைக்கும் தேவை எனத் துணியலாம்.